கோஸ்டா ரிகா பந்தய அலுவலகங்கள்: உள்ளே போனால் கண்ணில் படுவது

தலைநகர் சான் ஹோசேயில் அமெரிக்க வாடிக்கையாளர்களை நம்பி நடக்கும் பந்தய அலுவலகங்களைப் பார்த்தால் சாதாரண கால் சென்டர் என்றுதான் தோன்றும். பெயர்ப்பலகை அநேகமாக இருக்காது. வாசலில் காவலாளி, உள்ளே வரிசையாக மேசைகள், ஹெட்செட் மாட்டிய எழுத்தர்கள், சற்றுத் தள்ளி லைன் போடுகிறவர்கள் (எந்த அணி எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கணும் என்று பந்தயத்துக்கு எண் வைப்பவர்கள்), கதவு மூடிய காசாளர் அறை.

போன் பந்தயத்தில் முதலில் கணக்கு எண்ணும் கடவுச்சொல்லும். பிறகு வாடிக்கையாளர் அணிக்குரிய ரொட்டேஷன் எண்ணை, அதாவது பந்தயப் பட்டியலில் அந்த அணிக்குள்ள எண்ணைச் சொல்வார். வெளியூர் அணிக்கு ஒற்றைப்படை, சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு அடுத்த இரட்டைப்படை. 451-ஐ 452 என்று தட்டிவிட்டால் பணம் எதிரணி மேல் விழுந்துவிடும். அதனால் அணி, புள்ளி, தொகை எல்லாவற்றையும் எழுத்தர் திருப்பி வாசித்து, ‘சரி’ என்று கேட்ட பிறகே டிக்கெட் எண் கொடுக்கணும். அழைப்பு முழுக்கப் பதிவாகிறது. தகராறு வந்தால் அந்த ஒலிப்பதிவை வைத்துத்தான் தீர்ப்பு.

*

நேரத்தையும் சேர்த்துச் சொல்லணும். கோஸ்டா ரிகாவில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நியூயார்க்கில் பகல் 1 மணிக்குத் தொடங்கும் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஆட்டம் அங்கே அக்டோபரில் காலை 11 மணி. நவம்பரில் அமெரிக்கக் கடிகாரம் பின்னே போனதும் பகல் 12. ஞாயிறு அன்று அதற்கு முந்தைய அரை மணி நேரம்தான் உச்சம், ஒரு இருக்கைகூடக் காலியாக இருக்கக் கூடாது. உண்மையான ஆபத்து மார்ச்சில். அப்போது எல்லாம் ஒரு மணி நேரம் முன்னே வந்துவிடும். கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டத்தின் தொடக்க நேரத்தைப் பழைய கணக்கில் போட்டு வைத்தால், ஆட்டம் ஆரம்பித்த பிறகும் பந்தயம் திறந்தே கிடக்கும். ஸ்கோரைப் பார்த்துக்கொண்டே கட்டுகிறவர்கள் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

லைன் மேசையின் கணக்கு எளிது. 100 ஜெயிக்க 110 கட்டணும். இரு பக்கமும் ஒருவர் கட்டினால் உள்ளே 220, வெளியே 210, மிச்சம் 10. அதாவது சுமார் 4.5 சதவீதம். இந்த ஒல்லியான லாபத்தை லைனில் ஒரு புள்ளி மாற்றம் தின்றுவிடும். என்எஃப்எல் ஆட்டங்கள் 3 புள்ளி வித்தியாசத்தில் முடிவதுதான் அதிகம். காலையில் 2.5-இல் பலமான அணி மேலும், மாலையில் 3.5-இல் எதிரணி மேலும் பணம் வாங்கியிருந்து, பலமான அணி சரியாக 3 புள்ளியில் ஜெயித்தால் இரண்டு பக்கத்துக்கும் கொடுத்தாக வேண்டும்.

*

உரிமம் பற்றி ஒரு எச்சரிக்கை. ‘கோஸ்டா ரிகா சூதாட்ட உரிமம்’ என்று யாராவது காட்டினால் நம்பாதீர்கள். இந்த இணையப் பந்தயத்துக்கென்று அந்த நாடு தனி உரிமம் கொடுத்ததில்லை. கையில் இருப்பது வெறும் தொழில் அனுமதி. கரீபியன் தீவு நாடான ஆன்டிகுவா 1994-லேயே இதற்குச் சட்டம் போட்டது. இன்னொரு கரீபியன் தீவான குரசாவில் நான்கு தலைமை உரிமங்களின் கீழ் துணை உரிமங்கள் ஏராளமாக இருந்தன. அந்தக் கம்பெனிகளின் முகவரியைத் தேடிப் போனால் பல கம்பெனிகளுக்குக் கடிதம் வாங்கி வைக்கும் ஒரே அலுவலகம்தான் இருந்தது. 2024 டிசம்பரில் வந்த சட்டம் அந்த முறைக்கு முடிவு கட்டியது.

உள்ளூர் சட்டம் விட்டாலும் அமெரிக்கச் சட்டம் விடாது. 2006 ஜூலையில் ஒரு பந்தய நிறுவனத்தின் தலைவர் டேவிட் கருத்தர்ஸ் பிரிட்டனிலிருந்து கோஸ்டா ரிகாவுக்குப் போகும் வழியில், டல்லாஸ் விமான நிலையத்தில் விமானம் மாறும்போது கைதானார்.

*

பிலிப்பைன்ஸில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக நடந்த இணையச் சூதாட்ட நிறுவனங்களை இதோடு சேர்க்காதீர்கள். அங்கே கண்டது மதில் சூழ்ந்த வளாகம், தங்குமிடமும் உள்ளேயே. 2024 மார்ச்சில் பம்பான் நகர வளாகத்தில் சோதனை நடந்தபோது விருப்பமின்றி அடைத்து வைக்கப்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். ஜூலையில் இந்த நிறுவனங்களுக்கே தடை அறிவிப்பு வந்தது. பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் வேலைக்குச் சேரவே கூடாது.

*

யாரும் பேசாத காசாளர் அறைதான் முக்கியம். 2006-இல் வந்த அமெரிக்கச் சட்டம் வங்கி வழியை அடைத்த பிறகு பணம் மூன்றாம் கம்பெனி வழியாக வருகிறது. அட்டை ரசீதில் சம்பந்தமில்லாத பெயர் இருக்கும். அந்த இடைக் கம்பெனி முடங்கினால் பணமும் முடங்கும். 100 டாலர் போனஸுக்கு, பணம் எடுக்கும் முன் 10 மடங்கு பந்தயம் கட்டணும் என்று நிபந்தனை இருந்தால் 1,000 டாலருக்குப் பந்தயம் கட்டணும், 4.5 சதவீதக் கணக்கில் சராசரியாக 45 டாலர் அதிலேயே போய்விடும். பெரிய தொகை போடுவதற்கு முன், போனஸை மறுத்துவிட்டு, சிறு தொகை ஒன்றைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.