கழுத்து சாயும் குழந்தை: என்ன பெயர் வைப்பது?

மண்டபம் ஊரிலிருந்து:
வணக்கம். டார்ட்டிகாலிஸ் என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். தாய்மார்களுக்கான துண்டறிக்கை, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கழுத்தின் ஒரு பக்கத் தசை இறுகி, தலை அந்தப் பக்கம் சாய்ந்து, முகவாய் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும். 'கழுத்துச் சுளுக்கு' என்று எழுதியிருந்தேன். படித்த அங்கன்வாடி அக்கா, "சுளுக்குன்னா எண்ணெய் போட்டு இழுக்கத் தூக்கிட்டுப் போயிருவாங்களே" என்றார்.

கீழக்கரையிலிருந்து:
பிள்ளைக்கு 'உரம் விழுந்திருச்சு' என்பார்களே. இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிது?

மண்டபம்:
உரம் என்றால் சேலையில் போட்டு உருட்டுவார்கள் ஐயா. அழுகிற பிள்ளைக்கெல்லாம் உரம்தான். இது பிசியோதெரபிஸ்ட் காட்டித்தந்தபடி தினமும் மெல்ல நீட்டிவிட்டு, மாதக்கணக்கில் சரிசெய்வது.

தேவிபட்டினத்திலிருந்து:
இலத்தீனில் டார்ட்டஸ் என்றால் முறுக்கியது, கொல்லும் என்றால் கழுத்து (நம் 'கொல்லும்' அல்ல!). நமக்குக் 'கோடு' என்ற வேர் இருக்கிறது, கோடுதல், வளைதல். 'ஒருபால் கோடாமை' குறள் 118. ஆகவே கழுத்துக்கோட்டம். யானைத் தந்தம் கோடு, மலையுச்சி கோடு, நம் தனுஷ்கோடியும்...

பாம்பனிலிருந்து:
அது வில்லின் நுனி ஐயா, வடசொல். கோட்டம் என்றால் என் அம்மாவுக்கு பஸ் டிப்போதான் ஞாபகம் வரும். 'கழுத்துத் திருகல்' எப்படி?

தேவிபட்டினம்:
டிப்போவுக்குப் பயந்து வேரை விடுவதா?

தொண்டியிலிருந்து:
என் மகளுக்கு இருந்தது. திருகல் என்றால் கோழிதான் கண்ணில் வரும், வேண்டாம். கிலுகிலுப்பையை அவள் திரும்பாத பக்கமாக ஆட்டினோம். பாயில் தலைமாட்டை மாற்றிப் போட்டோம். விழித்திருக்கும்போது பக்கத்திலேயே இருந்து குப்புறப் போட்டோம், தூங்குவதற்கு மல்லாத்தித்தான். வீட்டில் சொன்னதெல்லாம் 'தலை சாயுது' மட்டும். கழுத்துச் சாய்வு போதாதா? வள்ளம் சாயுதுன்னா இங்கே யாருக்குப் புரியாது?

தேவிபட்டினம்:
சாய்வு பாதிதான். முகவாய் திரும்புவது எங்கே?

மண்டபம்:
அடுத்த வரியில் வருகிறது ஐயா, படமும் உண்டு. அச்சகத்தார் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். 'கழுத்துச் சாய்வு' என்றே போடுகிறேன். கீழே தடித்த எழுத்தில்: சுளுக்கு அல்ல, உரம் அல்ல, இழுக்கவோ உருட்டவோ கூடாது.

தேவிபட்டினம்:
போடுங்கள். என் வாக்கு கோட்டத்துக்கே.

கீழக்கரை:
தலைப்பிலேயே உரம் என்று போட்டால்தான் எங்கள் தெருவில் கையில் எடுப்பார்கள். உருட்டாதே என்பதை அப்புறம் சொல்லலாம்.