அமெரிக்க உள்நாட்டுப் போர்: அடிமை முறைக்காகவா, மாநில உரிமைக்காகவா?

தராசு:

அமெரிக்க அதிபராக இருந்த லிங்கனைப் பற்றி நம் ஊரில் யார் பேசினாலும் அது கடைசியில் பக்திச் சொற்பொழிவாகிவிடுகிறது. மகனின் ஆசிரியருக்கு அவர் எழுதியதாக ஒரு கடிதம் ஆசிரியர் தினம் வந்தால் வலம் வருகிறது. அதன் மூலப்பிரதியை இதுவரை யாரும் காட்டியதில்லை. 1861இல் தென் மாநிலங்கள் பிரிந்து போய், வடக்கோடு 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரைப் பற்றி, 'அடிமைகளை விடுவிக்க லிங்கன் போர் தொடுத்தார்' என்பதும் கிட்டத்தட்ட அதே ரகம்.

அவரே சொன்னதைப் பாருங்கள். 1861 மார்ச் மாதப் பதவியேற்பு உரையில், அடிமை முறை இருக்கும் மாநிலங்களில் அதில் தலையிடும் எண்ணமும் இல்லை, சட்டப்படி உரிமையும் இல்லை என்கிறார். அந்த மாநிலங்களில் அடிமை முறையை ஒழிக்க மத்திய அரசுக்கு எந்நாளும் அதிகாரம் கிடையாது என்று அரசியல் சட்டத்தையே திருத்தும் தீர்மானம் அப்போதுதான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் நிறைவேறியிருந்தது. அதற்கும் தனக்கு மறுப்பில்லை என்று அதே உரையில் சொல்கிறார். மறு ஆண்டு ஆகஸ்டில் பத்திரிகை ஆசிரியர் ஹொரேஸ் கிரீலிக்கு எழுதிய பதிலில், ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தை, அதாவது ஒன்றுபட்ட அமெரிக்காவைக் காப்பாற்ற முடிந்தால் அப்படியே செய்வேன் என்கிறார்.

1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிந்து போன தெற்கின் அடிமைகளுக்கு மட்டுமே அது விடுதலை அறிவித்தது. கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேர் ஆகிய நான்கு அடிமை மாநிலங்கள் வடக்கின் பக்கம் நின்றன. பிரகடனம் அவற்றைத் தொடவே இல்லை. கை எட்டாத இடத்தில் விடுதலை, எட்டும் இடத்தில் மௌனம்!

தெற்கின் குறை பழையது. வடக்கின் ஆலைகளைக் காக்கும் சுங்கவரிச் சுமை பருத்தியை ஏற்றுமதி செய்து வாழும் தெற்கின் தலையில் விழுந்தது. 1832இலேயே தென் கரோலினா அந்த வரிச் சட்டம் எங்கள் மாநிலத்தில் செல்லாது என்று அறிவித்தது. விருப்பப்பட்டுச் சேர்ந்தவன் விருப்பமில்லாதபோது விலகக் கூடாதா?

கரிசல்காட்டான்:

தராசு ஐயா, நீங்கள் காட்டிய லிங்கன் மேற்கோள்கள் எல்லாம் சரி. ஆனால் வடக்கு ஏன் போரிட்டது என்பது ஒரு கேள்வி, தெற்கு ஏன் பிரிந்தது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான விடையைக் கொண்டுவந்து இரண்டாவதற்குப் பொருத்துகிறீர்கள். பிரிந்தவர்கள் ஊமைகள் அல்லர். காரணத்தை எழுதி வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

முதலில் பிரிந்தது தென் கரோலினா, 1860 டிசம்பர் 20. நான்கு நாள் கழித்து காரணங்களை அறிக்கையாக வெளியிட்டது. அதில் சுங்கவரி என்ற பேச்சே கிடையாது. என்ன இருக்கிறது? தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் தர வட மாநிலங்கள் மறுக்கின்றன என்ற புகார். அப்படி மறுக்கும் மாநிலங்களின் பெயர்ப் பட்டியல். ஓர் அடிமையை அழைத்துக்கொண்டு நியூயார்க் வழியாகப் போகும் உரிமையைக்கூட அந்த மாநிலம் தரவில்லை என்ற ஆதங்கம். கவனியுங்கள்: நியூயார்க் தன் எல்லைக்குள் தன் சட்டத்தை நடத்துகிறது என்பதுதான் அவர்களின் குற்றச்சாட்டு! மாநில உரிமைக்காகப் பிரிந்தவர்கள் இப்படியா எழுதுவார்கள்?

மிசிசிப்பி இன்னும் வெளிப்படை. எங்கள் நிலை அடிமை முறையோடு முழுமையாக ஒன்றியது, அதுவே உலகின் மிகப் பெரிய பொருளாதார நலன் என்று அதன் அறிக்கை தொடங்குகிறது. பிரிந்தவர்கள் தங்களுக்கென எழுதிக்கொண்ட அரசியல் சட்டம், கறுப்பின அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டமும் கூடாது என்கிறது. அடிமைகளோடு எந்த மாநிலத்துக்குள்ளும் போய்த் தங்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

வரிக் கணக்குக்கு வருவோம். 1857ஆம் ஆண்டுச் சுங்கவரி பல பத்தாண்டுகளில் இல்லாத அளவு குறைவானது. தெற்கின் ஆதரவோடு வந்தது. நீங்கள் 1832ஐ மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டீர்கள், இந்த வாதத்தில் அடுத்து வருவது சுங்கவரியை உயர்த்திய மோரில் வரிச் சட்டம். அது காங்கிரஸின் மேலவையான செனட்டில் நிறைவேறியது 1861 பிப்ரவரி 20. அதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்து, அவற்றின் செனட்டர்களில் பெரும்பாலோர் எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்தால் அது நிறைவேறியிருக்குமா என்பதே சந்தேகம்.

லிங்கன்தான் இருக்கிற இடத்தில் அடிமை முறையைத் தொடமாட்டேன் என்றாரே, பிறகு ஏன் அவர்கள் திரும்பி வரவில்லை? சண்டை மேற்கே இருந்த புதிய நிலப்பரப்புகளைப் பற்றியது. அங்கே அடிமை முறை பரவக் கூடாது என்ற கொள்கையோடுதான் அவர் 1860 தேர்தலில் நின்றார். பரவ முடியாவிட்டால் காங்கிரஸில் நாளடைவில் சிறுபான்மையாகிவிடுவோம் என்பது தோட்ட முதலாளிகளுக்குத் தெரியும்.

மேலவீதி:

இருவரும் தலைவர்கள் எழுதிய தாள்களிலேயே நிற்கிறீர்கள். பணத்தைப் பாருங்கள். 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகள் 39 லட்சத்து 50 ஆயிரம் பேர். சந்தை விலையில் அவர்களின் 'மதிப்பு' அன்றைய அமெரிக்காவின் ரயில் பாதைகள், ஆலைகள் இரண்டின் மதிப்பையும் கூட்டினாலும் அதைவிட அதிகம். இவ்வளவு பெரிய சொத்தை எந்த வர்க்கமும் விவாதத்தில் தோற்று விட்டுக்கொடுத்ததில்லை.

இதில் நமக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் தின்ற பருத்தியில் பெரும்பகுதி அமெரிக்கத் தெற்கிலிருந்து போனது. வடக்கின் கடற்படை தெற்கின் துறைமுகங்களை அடைத்ததும் லிவர்பூலில் விலை ஏறியது. வியாபாரிகள் இந்தியப் பருத்திக்கு ஓடிவந்தார்கள். சூரத், தார்வார் பருத்தியோடு திருநெல்வேலிப் பருத்தியும் கப்பல் ஏறியது. 1865இல் போர் முடிந்ததும் விலை விழுந்தது. பம்பாயில் அந்தப் பணத்தில் ஊதிப் பெருத்திருந்த பங்குச் சந்தை அதே ஆண்டில் சரிந்தது. கரிசல்காட்டான் என்ற பெயரில் எழுதுகிறவர் இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று. இரு பக்கமும் செத்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். இருபது அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளையருக்குப் படைச் சேவையிலிருந்து விலக்கு என்று தெற்கு 1862இல் சட்டம் போட்டது. வடக்கில் 300 டாலர் கட்டினால் விலக்கு. தெற்கின் தலைநகரான ரிச்மண்டில் 1863 ஏப்ரலில் பெண்கள் ரொட்டிக்காகக் கடைகளை உடைத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் நியூயார்க்கில் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்துக் கிளம்பிய கூட்டம் கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லத்துக்குத் தீ வைத்தது. நீதியின் தரப்பு என்று யாரைச் சொல்வீர்கள்?

தராசு:

மேலவீதி சொன்னது என் கட்சிக்கே வலு சேர்க்கிறது. தெற்கின் வெள்ளையர் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓர் அடிமைகூடக் கிடையாது. பிறகு ஏன் அவர்கள் நான்கு ஆண்டு காலில் செருப்பில்லாமல் போரிட்டார்கள்? அடுத்தவன் சொத்தைக் காக்கவா?

வர்ஜீனியாவை யாரும் பேசவில்லை. 1861 ஏப்ரல் 4 அன்று அதன் மாநாடு பிரிவினைத் தீர்மானத்தைத் தோற்கடித்தது. 12ஆம் தேதி, தென் கரோலினாவில் வடக்கின் கையில் இருந்த சம்டர் கோட்டையில் தெற்கின் குண்டு விழுந்தது, போர் தொடங்கியது. 15ஆம் தேதி லிங்கன் 75,000 படைவீரர்களைக் கேட்டார். 17ஆம் தேதி அதே மாநாடு பிரிவதென்று முடிவு செய்தது. ஆர்கன்சா, டென்னசி, வட கரோலினா மூன்றும் அதன்பின்தான் போயின. அண்டை மாநிலத்தின் மீது படையெடுக்க ஆள் அனுப்பு என்றார்கள்; மறுத்தார்கள். இதில் அடிமை முறை எங்கே வருகிறது?

கரிசல்காட்டான்:

வருகிறது ஐயா. தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் வெள்ளையர் குடும்பங்களில் ஏறத்தாழ பாதிக்கு அடிமைகள் இருந்தார்கள். எல்லா மாநிலங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இது மறைந்துவிடும். வர்ஜீனியாவுக்கு அந்த மாதங்களில் முன்பே பிரிந்த மாநிலங்கள் தூதர்களை அனுப்பின. அவர்கள் அங்கே போய்ப் பேசியது வரியைப் பற்றி அல்ல, கறுப்பினத்தவர் சமமானால் உங்கள் கதி என்ன என்பதைப் பற்றி. அடிமைகள் குறைவாக இருந்த மலைப்பகுதி மக்கள் அதே வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து 1863இல் மேற்கு வர்ஜீனியா என்ற தனி மாநிலமானார்கள். விலகும் உரிமை பேசியவர்கள் அந்த விலகலை மட்டும் ஏற்கவில்லை.

குறிஞ்சி:

தராசு அண்ணா, கரிசல் அண்ணா, இவ்வளவு நேரமும் அடிமைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள், அவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு வரி வரவில்லை.

1861 மே மாதம், போர் தொடங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை. வர்ஜீனியாவில் வடக்கின் கையில் இருந்த மன்றோ கோட்டைக்கு இரவில் மூன்று அடிமைகள் படகில் வந்து சேர்ந்தார்கள். தெற்கின் படைக்காகப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்கள் அமர்த்தப்பட்டிருந்தார்கள். மறுநாள் எஜமானரின் சார்பில் ஓர் அதிகாரி வெள்ளைக் கொடியோடு வந்து, தப்பியோடிய அடிமைகள் சட்டத்தின்படி அவர்களைத் திருப்பித் தர வேண்டும் என்றார். கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் தொழிலால் வழக்கறிஞர். வர்ஜீனியா தன்னை அந்நிய நாடு என்று அறிவித்துக்கொண்டிருக்கிறது, அந்நிய நாட்டுக்கு அமெரிக்கச் சட்டம் பொருந்தாது என்றார். எதிரியின் போர்ப்பொருள் என்ற கணக்கில் மூவரையும் வைத்துக்கொண்டார். பொருள் என்றுதான் எழுதினார், மனிதர் என்று எழுதவில்லை. ஆனால் செய்தி பரவியது. சில வாரங்களில் நூற்றுக்கணக்கானோர் கோட்டை வாசலில் வந்து நின்றார்கள்.

அப்போது லிங்கனுக்கு விடுதலைத் திட்டம் எதுவும் இல்லை என்ற தராசு அண்ணாவின் வாதம் உண்மை. அதனால்தான் இது முக்கியம். கோட்டையைத் தேடி ஓடி வந்தவர்கள்தான் அவரை அந்தப் பக்கம் தள்ளினார்கள். பிறகு ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் வடக்கின் படையில் சேர்ந்தார்கள்.

அட்லாண்டாவாசி:

நான் ஜார்ஜியாவில் வசிக்கிறேன். இங்கே ஸ்டோன் மலை என்று ஒரு பெரிய கருங்கல் மலை; நம் திண்டுக்கல் கோட்டைப் பாறையைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவம் பிடிபடும். அதன் முகத்தில் தெற்கின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ், தளபதிகள் ராபர்ட் லீ, ஸ்டோன்வால் ஜாக்சன் மூவரையும் குதிரை மீது செதுக்கியிருக்கிறார்கள். கீழே புல்வெளியில் எல்லா நிறத்துக் குடும்பங்களும் உட்கார்ந்து சாப்பிடுகின்றன. நாங்களும் புளியோதரை கட்டிக்கொண்டு போவதுண்டு.

போர் முடிந்தது 1865. சிற்பம் முடிந்தது 1972! பள்ளிகளில் நிறப்பிரிவினை கூடாது என்று 1954இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 1958இல் மாநில அரசு அந்த மலையை விலைக்கு வாங்கியது. தேதிகளை அடுத்தடுத்து வைத்தால் அது யாருக்கான நினைவுச் சின்னம் என்று புரிந்துவிடும். ரிச்மண்டில் 1890இல் நிறுத்திய லீ சிலையை 2021இல் எடுத்துவிட்டார்கள். மலையை எப்படி எடுப்பது?

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். என் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கொள்ளுப்பாட்டனார் அந்தப் போரில் இறந்தவர். சட்டமிட்ட படம் கூடத்தில் தொங்குகிறது. அவரிடம் போய் 'உங்கள் முன்னோர் அடிமை முறைக்காகச் செத்தார்' என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கரிசல்காட்டான்:

அவரிடம் சொல்ல வேண்டாம். 'மாநில உரிமை' என்ற கதையைப் புனைந்தவர்களைச் சொல்லலாம். அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ், தெற்கின் துணை அதிபர். 1861 மார்ச் 21 அன்று ஜார்ஜியாவின் சவானாவில் பேசும்போது, எங்கள் அரசின் மூலைக்கல் கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்ற பேருண்மைதான் என்றார். தோற்ற பிறகு இரண்டு தொகுதி நூல் எழுதி, எல்லாம் மாநில உரிமைக்காக நடந்தது என்றார். டேவிஸும் 1881இல் அதையே எழுதினார். தராசு ஐயா வைக்கும் வாதம் அந்த நூல்களில் பிறந்தது. ஸ்டீவன்ஸ் 1873இல் மீண்டும் காங்கிரஸ் உறுப்பினர், 1882இல் ஜார்ஜியாவின் ஆளுநர். டேவிஸ் மீது விசாரணையே நடக்கவில்லை. தோற்றவர்கள் வரலாறு எழுதிய அபூர்வமான போர் இது.

மேலவீதி:

எழுத விட்டது யார்? வென்றவர்கள்.

1865 ஜனவரி 12. சவானாவில் வடக்கின் தளபதி ஷெர்மனும் போர் அமைச்சர் ஸ்டாண்டனும் கறுப்பின மதகுருமார் இருபது பேரை அழைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். சார்பாகப் பேசியவர் காரிசன் ஃப்ரேசியர், வயது 67. எட்டு ஆண்டுகளுக்கு முன் தன்னையும் மனைவியையும் ஆயிரம் டாலர் பொன்னும் வெள்ளியுமாகக் கொடுத்து விலைக்கு வாங்கி விடுதலை பெற்றவர். நிலம் கொடுங்கள், எங்கள் உழைப்பில் நாங்களே உழுது வாழ்வோம் என்றார். நான்கு நாளில் ஷெர்மன் ஆணையிட்டார்: கடலோர நிலங்களில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சுமார் 40,000 பேர் குடியேறினார்கள். லிங்கன் கொல்லப்பட்டார், அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அந்த ஆண்டு முடிவதற்குள் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். தலைநகர் வாஷிங்டனில் 1862இல் அடிமைகளை விடுவித்தபோது ஆளுக்கு 300 டாலர் வரை இழப்பீடு தந்தார்கள், அதுவும் எஜமானர்களுக்கு. உழைத்தவனுக்கு எதுவும் இல்லை. நிலம் இல்லாதவன் அதே தோட்டத்தில் விளைச்சலில் பங்கு என்ற வாரத்துக்கு உழுது கடனில் விழுந்தான். இந்தப் போரின் மிச்சம் எது என்று கேட்டால் சிலைகளுக்கு முன் நான் இதைத்தான் காட்டுவேன்.

தராசு:

நான் முதலிலிருந்து சொல்வதும் இதுதானே! 1877இல் ஒரு தேர்தல் பேரத்துக்காக தெற்கில் நிறுத்தியிருந்த தன் படையை வடக்கு பின்வாங்கிக்கொண்டது. கறுப்பினத்தவரின் வாக்குரிமை ஒவ்வொரு மாநிலமாகப் பறிபோனபோது வேடிக்கை பார்த்தது. அடிமைகளுக்காக 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலி கொடுத்தவர்கள் பன்னிரண்டே ஆண்டில் அவர்களைக் கைவிடுவார்களா? ஒன்றியம் என்ற வரைபடம்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. விலகுவது செல்லாது என்று 1869இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அதுவும் வென்றவனின் நீதிமன்றம். ஒரு மக்கள் கூட்டம் பிரிய நினைத்தால் பிரியலாமா, கூடாதா? இதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கரிசல்காட்டான்:

வடக்கின் துரோகம் பற்றி எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எந்த மக்கள் கூட்டம் ஐயா? 1860இல் தென் கரோலினாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 7 லட்சம். அதில் 4 லட்சம் பேர் அடிமைகள். மிசிசிப்பியிலும் அடிமைகளே பெரும்பான்மை. பிரிவதா வேண்டாமா என்று அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

தராசு:

1776இல் பிரிட்டனிடமிருந்து பிரிந்தபோதும் அவர்களிடம் கேட்கவில்லை. அந்தச் சுதந்திரமும் செல்லாது என்று எழுதுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன்.