மடோபார் சாப்பிடுகிறவருக்குப் பூனைக்காலிப் பொடி கொடுக்கலாமா?

பினாங்கு_நாட்டுமருந்து

வணக்கம். லிட்டில் இந்தியாவில் நாட்டு மருந்துக் கடை. பார்க்கின்சன் (நடுக்குவாதம்) உள்ளவர்களின் வீட்டார் பூனைக்காலி விதைப் பொடி கேட்டு வருவது கூடிக்கொண்டே போகிறது. இப்போது கேட்டிருப்பது 67 வயதுப் பெரியவருக்கு. பார்க்கின்சனுக்கு மடோபார் 125 மாத்திரை மூன்று வேளை, ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம். காலை மாலை ஒரு தேக்கரண்டி பூனைக்காலி, ராத்திரி பாலில் அமுக்கரா, தினமும் வல்லாரைச் சாறு கொடுக்கப் போகிறார்களாம். நோய் ஏறாமல் நிறுத்தி வைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது.

நோய் மெதுவாகும் என்பது உண்மையா? ஒரு தேக்கரண்டி எத்தனை மாத்திரைக்குச் சமம்? விற்கும்போது என்ன சொல்லி விற்பது?

செந்தூல்_மருந்தாளர்

நல்ல கேள்வி அண்ணா. நடுக்கமும் இறுக்கமும் குறைவது ஒன்று, மூளை நரம்புகள் அழிவது மெதுவாவது வேறொன்று. பூனைக்காலி முதலாவதைச் செய்யும். அந்த விதையில் 4 முதல் 6 விழுக்காடு லெவோடோபா இருக்கிறது. மடோபாரில் உள்ள அதே மருந்து. லண்டனில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில் 8 நோயாளிகளுக்கு 30 கிராம் பூனைக்காலித் தயாரிப்பு கொடுத்தபோது சுமார் 35 நிமிடத்தில் வேலை செய்தது. வழக்கமான மாத்திரைக்கு 69 நிமிடம் ஆனது. ஆகவே "சும்மா மூலிகைதானே" என்று யாரும் நினைக்கக் கூடாது.

இரண்டாவதற்கு ஆதாரம் இல்லை. லெவோடோபாவே நோயின் வேகத்தைக் குறைக்கிறதா என்று நெதர்லாந்தில் 445 பேரிடம் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஆரம்பத்திலிருந்தே மருந்து, மீதிப் பேருக்கு 40 வாரம் கழித்து. 80-வது வாரத்தில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. 2019-ல் வெளிவந்தது. மாத்திரையில் வந்தாலும் விதையில் வந்தாலும் மருந்து ஒன்றுதான்.

அளவுக் கணக்கில்தான் பலரும் தவறுகிறார்கள். தேக்கரண்டியை நம்பாதீர்கள், தலை தட்டினால் ஒரு எடை, குவித்தால் ஒரு எடை. 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுங்கள். 3 கிராம் பொடி, 5 விழுக்காடு என்று வைத்தால் 150 மில்லிகிராம் லெவோடோபா. தனியாகச் சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி மூளைக்குப் போய் டோபமைன் (நோயில் குறைந்துபோகும் மூளை ரசாயனம்) ஆக வேண்டியது, போகும் முன்பே உடம்பில் டோபமைனாக மாறிவிடும். நான்கில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு பலன்தான். குமட்டலும் அதனால்தான். ஆனால் மடோபார் 125 என்பது 100 லெவோடோபாவும் 25 பென்செராசைடும். அந்த பென்செராசைடு உடம்பில் இருக்கும்போது பொடியின் லெவோடோபாவையும் காப்பாற்றி மூளைக்கு அனுப்பும். மருந்தே எடுக்காதவருக்கு மூன்றில் ஒரு பங்கு மாத்திரை போல இருந்த அதே தேக்கரண்டி, இவருக்கு ஒன்றரை மாத்திரை ஆகிவிடலாம். காலை மாலை என்றால் 300 மில்லிகிராம். டாக்டர் எழுதிக் கொடுத்த நாள் அளவும் அதே 300தான். அவருக்குத் தெரியாமலே மருந்து இரட்டிப்பாகிறது.

அப்படி ஆகும்போது முதலில் தெரிவது கழுத்தும் கைகாலும் அவர் கட்டுப்பாட்டில் இல்லாமல் தானாகவே நெளிவது. பிறகு ராத்திரியில் இல்லாத ஆட்களைப் பார்ப்பது, பேசுவது. 1989-ல் மொசாம்பிக்கில் பூனைக்காலியை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் சாப்பிட்டதில் பலர் மனக்குழப்பத்துக்கு ஆளானார்கள். மூன்றாவது, எழுந்து நிற்கும்போது அழுத்தம் இறங்குவது. இவருக்கு அம்லோடிபினும் சேர்கிறது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து அளந்து, நிற்க வைத்து 1, 3 நிமிடத்தில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அன்றே கிளினிக்கிற்குச் சொல்ல வேண்டும். இடுப்பு எலும்பு முறிவு இப்படித்தான் வருகிறது.

ஆயர்ஈத்தாம்_சித்தவைத்தியர்

மருந்தாளர் சொன்ன 5 விழுக்காட்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது ஐயா. முறைப்படி சுத்தி (நச்சு நீக்கும் சுத்திகரிப்பு) செய்தால் விதையைத் துணியில் கட்டிப் பால் பானையில் தொங்கவிட்டு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம், வேகவைத்துத் தோலும் முளையும் நீக்கிக் காயவைத்து இடிக்க வேண்டும். லெவோடோபாவில் ஒரு பகுதி அந்தப் பாலோடு போய்விடும். சுத்தி செய்யாமல் நேரே அரைத்த பொடியும் இதே பெயரில், இதே டப்பாவில் விற்கிறது. வீரியம் ஒன்றாக இருக்காது. ஒரு பாக்கெட்டுக்குப் பழகியவர் அடுத்த கடையில் வாங்கினால் அளவு மாறிவிடும்.

நம்ம ஊர் ஈரப்பதம் இன்னொரு சங்கடம். நல்ல பொடி வெளிறிய மஞ்சளாகவோ சாம்பலாகவோ இருக்கும். காற்றும் ஈரமும் பட்டால் லெவோடோபா கறுத்து மெலனின் ஆகும். கட்டி தட்டிக் கறுத்த பொடியை விற்காதீர்கள். சின்னக் கண்ணாடிப் புட்டி, இறுக்கமான மூடி, இருட்டு அலமாரி.

அமுக்கராவைப் பற்றி: தூக்கம் வரும், தைராய்டு சுரப்பைக் கூட்டும், சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. ஏற்கனவே தள்ளாடி நடக்கிறவருக்கு ராத்திரியில் கொடுத்தால், கழிவறைக்கு எழும்போது விழுவார்.

வல்லாரை சாப்பாட்டில் நல்லதுதான், துவையலாகவோ பெகாகா உலாமாகவோ (பச்சை இலை சாலட்). செடியைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். இலை சிறுநீரக வடிவம், காம்பு பிளவில் சேரும். காம்பு இலையின் நடுவில் குடை போலச் சேர்ந்தால் அது அலங்காரச் செடி, வல்லாரை இல்லை. சாக்கடை ஓரம், சாலை ஓரம் பறித்தது வேண்டவே வேண்டாம். மண்ணில் உள்ள ஈயத்தையும் காட்மியத்தையும் இது உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

பிரிக்பீல்ட்ஸ்_பராமரிப்பு

இதோடு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: அந்த வீட்டில் டுரியான் பெலண்டா (முள் சீத்தா) இலைத் தேநீர் குடிக்கிறார்களா? புற்றுநோய்க்கு நல்லது என்று இங்கே வீட்டுக்கு வீடு காய்ச்சுகிறார்கள். கரீபியன் தீவான குவாதலூப்பில் லெவோடோபாவுக்குச் சரியாகக் கட்டுப்படாத ஒருவகை பார்க்கின்சன் அதிகமாக இருப்பதைக் கவனித்தவர்கள், இதே மரத்தின் பழமும் இலைக் கஷாயமும் அதோடு சேர்ந்து வருவதைக் கண்டு 1999-ல் வெளியிட்டார்கள். இதிலுள்ள அனோனாசின் நரம்பு செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கும். நடுக்கம் உள்ளவர் வீட்டில் அந்த இலையை அடுப்பில் ஏற்றவே கூடாது என்பேன்.

மறதி நோய்க்கு ஜின்கோ இலைச் சத்து கேட்டு வந்தாலும் இதே நிலைதான். அமெரிக்காவில் 3069 முதியோருக்குத் தினம் இரண்டு முறை 120 மில்லிகிராம், சராசரி ஆறு ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். மறதி நோய் வருவது குறையவில்லை, 2008-ல் முடிவு வந்தது. நம் நாட்டில் செய்ததில் எனக்கு நம்பிக்கை தருவது யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) ஆய்வு: மூளையின் வெள்ளைப் பகுதியில் புண் இருந்த 121 பேரில் ஒரு பிரிவுக்குச் செம்பனை எண்ணெயில் உள்ள டோகோடிரையனால் என்ற வைட்டமின் ஈ வகை 200 மில்லிகிராம், தினம் இரு வேளை, இரண்டு ஆண்டு. அந்தப் பிரிவில் புண் வளரவில்லை, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு வளர்ந்தது. ஆனால் அது ஸ்கேனில் தெரிந்த புண். பார்க்கின்சனுக்கு அதை எடுத்து வைத்துப் பேசக் கூடாது.

பினாங்கு_நாட்டுமருந்து

மிக்க நன்றி. பொடி கொடுக்கப் போவதில்லை, டாக்டரிடம் பேசிவிட்டு வரச் சொல்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். வேறு கடையில் வாங்கி இரண்டு மாதமாகக் கொடுத்துவரும் குடும்பம் வந்தால், உடனே நிறுத்தச் சொல்லலாமா?

செந்தூல்_மருந்தாளர்

வேண்டாம் அண்ணா. இரண்டு மாதத்தில் உடம்பு அந்த அளவுக்குப் பழகியிருக்கும். டப்பாவையும், ஒரு வேளைக்கு எவ்வளவு கிராம் என்று எடைபோட்டுக் குறித்ததையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே கிளினிக்கிற்குப் போகட்டும். எப்படிக் குறைப்பது, மாத்திரையைக் கூட்ட வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வார். அதைவிட ஆபத்து, பொடி வந்துவிட்டதே என்று மடோபாரைத் தாங்களாகவே நிறுத்தியிருப்பது. அதைக் கட்டாயம் கேளுங்கள். நிறுத்திய சில நாளில் கடும் காய்ச்சல், உடம்பு கட்டை போல இறுக்கம், நினைவுத் தடுமாற்றம் வந்தால் கிளினிக் தேதிக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

மாத்திரையை உணவுக்கு அரை மணி நேரம் முன் அல்லது ஒரு மணி நேரம் பின், தண்ணீரோடு. பாலோடு வேண்டாம், பால் புரதம் அதோடு போட்டி போடும். இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் இரண்டு மணி நேரம் தள்ளி. பூனைக்காலி கேட்டு வருகிற பல வீடுகளில் "மாத்திரை வேலை செய்யவில்லை" என்ற புகார் இதைச் சரி செய்தாலே தீர்ந்துவிடும்.