அம்மாவின் பவுடர் பேணி

உவர்மலை மகள்:
அம்மாவின் முப்பத்தொன்று முடிந்த மறுநாள் அவருடைய அலுமாரியை ஒதுக்கியபோது, சேலைகளுக்கு அடியில் முக்கால்வாசி தீர்ந்த பவுடர் பேணி ஒன்று கிடந்தது. அதை எறியவும் மனம் வரவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

அம்மாவுக்கு வந்தது சூலகப் புற்றுநோய். எங்கள் ஊர் வெக்கையில் வேர்க்குருவுக்குப் பயந்து, நாற்பது ஆண்டுகளாகக் காலையும் மாலையும் உடம்பெல்லாம் பவுடர் பூசியவர் அவர். கொழும்பில் சிகிச்சை பெற்ற நாட்களில் இளம் வைத்தியர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "அம்மா உள்ளாடைக்கும் பவுடர் போடுறவவா?" என்று கேட்டார். ஏன் கேட்கிறீர்கள் என்று விசாரித்தேன். பதிவுக்காக என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. பவுடரில் கல்நார், அதாவது கூரைச் சீற்றில் இருக்கும் அஸ்பெஸ்டஸ், கலந்திருப்பதால்தான் இந்த நோய் வருகிறது என்கிறார்களே, உண்மையா? சிறுவயதில் கன்னியா வெந்நீரூற்றில் குளித்துவிட்டு வந்ததும் அம்மா எங்கள் நால்வரையும் வரிசையாக நிறுத்தி, கழுத்திலும் கக்கத்திலும் பவுடரைத் தட்டிவிடுவார். அப்போது எழும் வெள்ளைப் புகைக்குள் முகத்தை நீட்டி, அந்த மணத்துக்காகவே மூச்சை ஆழமாக இழுப்போம்.

சாம்பல்தீவு வாசி:
சகோதரி, உங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறேன். ஆனாலும் பவுடரும் கல்நாரும் ஒன்றல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். பவுடர் செய்யப் பயன்படும் டால்க் என்பது மாக்னீசியம் சேர்ந்த மென்மையான கனிமம். கல்நாரும் சில இடங்களில் அதே பாறைப் படுகைகளில் உருவாவதால், தோண்டும்போது கலந்துவிடக்கூடும் என்பதே பிரச்சினை. 2020இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 2,50,000 பெண்களின் தரவுகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வில், பவுடருக்கும் சூலகப் புற்றுநோய்க்கும் இடையே உறுதியான தொடர்பு காணப்படவில்லை. நாம் அஞ்ச வேண்டியது தலைக்கு மேல் இருக்கிறது. எங்கள் வீட்டுக்குக் கூரை போட்டபோது ஓடாவி அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கிரைண்டரால் வெட்ட, அண்ணா கீழே நின்று பிடித்துக்கொண்டார். வேலை முடிந்து நிமிர்ந்தவரின் இமைமயிர் முழுவதும் மாவு பூசியதுபோல வெளுத்திருந்தது. நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம். அண்ணா இன்று நலமாகத்தான் இருக்கிறார். ஆனால் கல்நார் நாரினால் நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா, தூசியைச் சுவாசித்து 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தும் தோன்றக்கூடியது. அவர் இருமும்போதெல்லாம் நான் ஆண்டுகளை எண்ணுகிறேன்.

நிலாவெளியான்:
சாம்பல்தீவு அண்ணா சொன்ன ஆய்வு உண்மைதான், ஆனால் அவர் பாதியில் நிறுத்திவிட்டார். கல்நார் கலந்த டால்க் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகத்துக்குச் சந்தேகமே இல்லை. கல்நார் கலவாத டால்க்கைக்கூட அது 2024 ஜூலையில் 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது' என்ற பிரிவுக்கு உயர்த்தியது. 2019 ஒக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பரிசோதித்த பவுடர்ப் போத்தல் ஒன்றில் கிரைசோடைல் என்ற வெள்ளைக் கல்நாரின் சுவடு தென்பட, அதைத் தயாரித்த ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம் ஏறத்தாழ 33,000 போத்தல்களைத் திரும்பப் பெற்றது. பின்னர் தான் செய்வித்த சோதனைகளில் எதுவும் இல்லை என்று அந்நிறுவனம் கூறியது என்பதையும் சொல்ல வேண்டும். நம் கூரைச் சீற்றில் இருப்பதும் அதே வெள்ளைக் கல்நார்தான். கூரைக்கு ஒரு நியாயமும் பேணிக்கு ஒரு நியாயமும் எப்படி இருக்க முடியும்?

என் கதை சிறியது. ரொறன்ரோவில் இருக்கும் அக்கா ஆண்டுதோறும் பொதியில் பவுடர் அனுப்புவார். 2020இல் அங்கே அந்த டால்க் பவுடரின் விற்பனையை நிறுத்தியதும், விடியப்புறம் அழைத்து, "தம்பி, நான் அனுப்பினதெல்லாத்தையும் கொட்டிப் போடு" என்றார். அவர் அழுததைக் கேட்டுக்கொண்டே, பக்கத்தில் படுத்திருந்த என் மகனின் வெள்ளைக் கழுத்தைப் பார்த்தேன். டால்க்கை விட்டு உலகம் முழுவதும் சோளமாவுக்கு மாறுவதை 2023 வரை தள்ளிப்போட்டவர்களை என்னால் மன்னிக்க இயலவில்லை.

ஓய்வுபெற்ற மருத்துவமாது, தம்பலகாமம்:
துடக்குக் கழிவுக்குப் போன வீடொன்றில், பரிசாக வந்த பவுடர்ப் பேணியின் மூடி கழன்று, முப்பத்தொரு நாள் குழந்தையின் முகத்தில் கொட்டியதைப் பார்த்திருக்கிறேன். குழந்தை நீலம் பாரித்து, பிறகு வீரிட்டு அழுதது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

பிள்ளைகளே, வழக்காடுவதை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள். குழந்தைக்குப் பவுடர் தேவையே இல்லை. கல்நார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நுண்தூள் சிறிய நுரையீரலுக்குத் தீங்குதான், சோளமாவும் அதற்கு விலக்கல்ல. வேர்க்குருவுக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய பருத்திச் சட்டை போட்டுக் காற்றுப் படவிட்டால் போதும். பெரியவர்கள் வாங்குவதானால் பேணியின் பின்புறத்தில் டால்க் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மறைவிடங்களில் எதையும் தூவாதீர்கள். சீற்றை வெட்டத்தான் வேண்டுமென்றால் நனைத்துக் கைவாளால் வெட்டுங்கள், காய்ந்த தூசியைக் கூட்டாதீர்கள், அந்த உடுப்பை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் தோய்க்காதீர்கள். உவர்மலை மகளே, தாய்க்குச் சூலகப் புற்றுநோய் இருந்ததென்றால் அது பரம்பரையாலும் வந்திருக்கலாம். ஆகவே நீங்களும் உங்கள் சகோதரிகளும் அதை வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள். வயிறு உப்பல், சிறிது சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுதல், அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை சில வாரங்கள் தொடர்ந்தால் வாயு என்று இருந்துவிடாதீர்கள்.

உவர்மலை மகள்:
அம்மா எட்டு மாதங்கள் வயிறு உப்பல் என்றார்; நாங்கள் எட்டு மாதங்களும் ஓமத் தண்ணீர் கொடுத்தோம். வைத்தியரின் கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்த நான் இதை இன்றுதான் நினைத்தேன். தங்கையிடம் பேசிவிட்டேன், வரும் செவ்வாய்க்கிழமை இருவரும் சேர்ந்து கிளினிக்குக்குப் போகிறோம். வைத்தியர் கேட்டால் காட்டுவதற்காக, பேணியின் மூடியை ஒட்டி, பொலித்தீன் பையில் சுற்றி எடுத்து வைத்திருக்கிறேன்.