பொஸ்போ அன்ரிபொடி போட்டா மெம்பிரேன் முழுக்க கறுப்பு

கிளிநொச்சிப் பொடியன்:
பொஸ்போ ஈஆர்கே (பொஸ்பேற் ஏறின ஈஆர்கே புரதம்) பிடிக்கிற அன்ரிபொடி போட்டு வெஸ்டர்ன் புளொட் (புரதங்களை எடைப்படி பிரிச்சு, மெம்பிரேன் எண்ட தாளில ஏத்தி, அன்ரிபொடியால தேடுற சோதனை) செய்தனான், 42, 44 கிலோடால்ரனில (புரத எடை அளவு) ரெண்டு பாண்ட் வரோணும், ஆனா மெம்பிரேன் முழுக்க ஒரே கறுப்பு. அன்ரிபொடி கண்ட இடத்தில ஒட்டாம இருக்க 5% பால்மாவிலதான் மெம்பிரேனை மூடி புளொக் பண்ணினனான். இஞ்ச அடிக்கடி கரண்ட் போறது, பிரிட்ஜில வைச்ச அன்ரிபொடி பழுதாப் போச்சோ?

வவுனியா அக்கா:
தம்பி கரண்டை விடும், வேலை காட்டினது பால்மாவா இருக்கும். பாலில இருக்கிற கேசீனே பொஸ்பேற் ஏறின புரதம், சில அன்ரிபொடி அதிலயும் போய் ஒட்டும். பால்மாவை விட்டிட்டு பிஎஸ்ஏக்கு (மாட்டு இரத்தத்தில இருந்து எடுக்கிற அல்புமின் புரதம்) மாறிப் பாரும். கலம் உடைக்கேக்க, பொஸ்பேற்றைக் கழட்டுற நொதியங்களை நிப்பாட்ட சோடியம் புளோரைட், வனடேற் போட்டனீரோ? இல்லாட்டி பொஸ்பேற் கழண்டிடும், பிறகு அன்ரிபொடியைத் திட்டி என்ன?

கிளிநொச்சிப் பொடியன்:
வனடேற் போடேல்லை அக்கா 😅

முல்லைத்தீவான்:
லம்டா பொஸ்பற்றேஸ் (பொஸ்பேற்றைக் கழட்டுற நொதியம்) போட்ட சாம்பிள் ஒண்டும் பக்கத்தில ஓடவிடும், அதில பாண்ட் மறைஞ்சாத்தான் அன்ரிபொடி பிடிக்கிறது பொஸ்பேற் ஏறின புரதத்தைத்தான் எண்டு நம்பலாம்.