நாலு விரற்கடை மண், கீழே பாறை. என்ன செடி வைக்கலாம்?

ஆரல்காத்து:
வீடு ஆரல்வாய்மொழிப் பக்கம், மலையடிவாரம். சமையலறைச் சுவருக்கும் மேற்கு மதிலுக்கும் நடுவில் முக்கால் சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. மம்பட்டியைப் போட்டால் டங் என்று சத்தம்தான். நாலு விரற்கடை மண், ஒன்றிரண்டு இடத்தில் ஒரு சாண், அதற்குக் கீழே ஒரே பாறை. உச்சிப்பொழுதில் இருந்து பொழுது சாயும் வரை வெயில். மதில் இடுப்பளவுதான், அதனால் ஆனி ஆடியில் காற்று நேராக வந்து அடிக்கும். முப்பந்தல் காற்றாலைகள் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் தெரியும், அப்படியென்றால் காற்று எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை வைத்தது: முருங்கைக் கம்பு, ஆள் உயரம் வந்தது, ஆடியில் சாய்ந்தது. வேர் தோசை மாதிரி வட்டமாகப் பாறையைவிட்டுப் பெயர்ந்து வந்ததைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பிச்சி, அம்மா ஆசைப்பட்டது, சித்திரை தாண்டவில்லை. இட்லிப்பூ உயிரோடு இருக்கிறது, ஆனால் இலையில் நரம்பு மட்டும் பச்சை, மீதி எல்லாம் மஞ்சள். வாங்கிய இடத்தில் எல்லாமே "எந்த மண்ணிலும் வரும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

ஒரு டெம்போ செம்மண் அடிக்கலாமா, இல்லை சிமென்ட் பூசி மூடிவிடலாமா? அம்மாவுக்குக் காலையில் சாமிக்குப் பறிக்க நாலு பூ வேண்டும், அவ்வளவுதான்.

ரப்பர்க்காட்டான்:
இதற்கெல்லாம் கவலையா. நமக்குக் குலசேகரம் பக்கம். இங்கேயும் ஒரு முழம் தோண்டினால் வெட்டுக்கல்தான். இட்லிப்பூ காடு மாதிரி நிற்கிறது, கைதச்சக்கை (உங்கள் பக்கம் அன்னாசி) சரல் மண்ணிலேயே காய்க்கிறது, கொல்லாமரம் (முந்திரி) பாறை இடுக்கில் தானாக முளைக்கிறது. மூன்றையும் வையுங்கள். ஆனி மழைக்கு முன்னால் நட்டால் போதும், தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்.

தோவாளை அக்கா:
ரப்பர்க்காட்டான் தம்பி, உங்கள் ஊர் மழையை வைத்து ஆரல்வாய்மொழிக்கு வைத்தியம் சொல்லாதீர்கள். ஒரே மாவட்டம்தான், ஆனால் உங்களுக்கு ஆனியில் மழை கொட்டும்போது எங்களுக்குக் கணவாய் வழியாக வெறும் காற்றுதான் வரும், மேகம் தலைக்கு மேலே ஓடிப்போகும். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி கார்த்திகைதான். ஆனிக்கு முன்னால் இங்கே நட்டால் அந்தச் செடிக்கு முதல் மூன்று மாதமும் காற்றும் வெயிலும்தான் சோறு. அப்புறம் வெட்டுக்கல் வேறு, பாறை வேறு. வெட்டுக்கல்லில் ஓட்டை இருக்கும், வேர் நுழையும், தண்ணீர் நிற்கும். மலைப்பாறையில் விரிசல் இருந்தால்தான் உண்டு.

மக்ளே, இப்போது உன் விஷயம். செம்மண் அடிக்காதே. நான் அடித்தேன். வழுக்குப் பாறையின் மேல் ஒரு அடி உயரத்துக்கு மண்ணைப் போட்டுச் செடி வைத்தேன், அந்த வருஷத் துலா மழையில் முதல் இரண்டு நாளிலேயே பாதி மண் இறங்கிப் பக்கத்து வீட்டு முற்றத்தில் போய் நின்றது. அவர்கள் அன்றைக்குக் காயப்போட்டிருந்த நெல் முழுக்கச் சேறு. இன்றைக்கும் அந்த வீட்டம்மா என்னைப் பார்த்தால் "மண்ணு வேணுமா" என்று கேட்பார். சமையலறைச் சுவரை ஒட்டி மண் ஏற்றினால் சுவரில் ஓதம் வேறு ஏறும்.

இட்லிப்பூ மஞ்சளானதற்குக் காரணம் மண் குறைவு மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். வீடு கட்டும்போது கொத்தனார் கலவை குழைத்தது அந்த இடத்தில்தானா? சிமென்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அடையாளம். இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண் வேண்டும். அதனால்தான் குலசேகரத்துச் செம்மண்ணில் காடு மாதிரி நிற்கிறது.

செடி எதுவாக இருந்தாலும், முதலில் இடத்தைப் பார். ஐப்பசியில் நல்ல மழை ஒன்று பெய்யட்டும். மழை விட்டு வெயில் வந்த பிறகு அங்கே போய் நில். பாறை மேல் மண் திட்டுத்திட்டாகக் காயும். சில இடம் அரை மணி நேரத்தில் வெளுத்துவிடும், சில இடம் மறுநாள் வரை கறுப்பாகவே இருக்கும். அந்தக் கறுப்புக்குக் கீழேதான் விரிசலோ பள்ளமோ இருக்கும். கடப்பாறையால் குத்திப் பார், முனை இறங்கினால் ஒரு குச்சி நட்டு வை. முக்கால் சென்ட்டில் அப்படி நாலைந்து இடம் கிடைத்தாலே அதிகம். கொஞ்சம் பெரிய செடி எல்லாம் அங்கே மட்டும்தான். மற்ற இடத்தில் படர்கிறது, தவழ்கிறது, சதைப்பற்றுள்ளது.

குச்சி நட்ட இடத்தில் அரளி வை, சாமிக்கும் ஆச்சு. வறட்சியும் காற்றும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இலை, பூ, பட்டை எல்லாம் விஷம், வீட்டில் சின்னப் பிள்ளையோ ஆடோ இருந்தால் வேண்டாம். மதிலோரம் ஒரு காகிதப்பூ. தண்ணீரும் உரமும் அதிகமானால் அது இலைதான் விடும், காயப்போட்டால்தான் பூக்கும், உன் இடத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. மதிலில் பிரண்டையை ஏற்றிவிடு, கணுவுக்குக் கணு வேர் விடும், துவையலுக்கும் ஆகும் (பறிக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள், இல்லையென்றால் அன்றைக்கு முழுக்கச் சொறிந்துகொண்டிருப்பாய்). நாலு விரற்கடை மண்ணில் நித்தியகல்யாணி, பத்துமணிப்பூ, கற்றாழை.

பெரிய செடியாக வாங்காதே. ஒரு சாண் உயரக் கன்று பாறைக்குத் தகுந்தபடி வேரை விட்டுக்கொள்ளும். கவரில் நாலடி வளர்ந்தது வேர் சுருண்டு போயிருக்கும், முதல் காற்றுக்கே உன் முருங்கை கதைதான்.

மாடித்தோட்டம் வடசேரி:
பேசாமல் தொட்டியில் வையுங்கள்.

தோவாளை அக்கா:
அந்தக் காற்றில் தொட்டி உருண்டு மதிலில் மோதும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா தம்பி?

ரப்பர்க்காட்டான்:
சரி அக்கா, மழை விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். குச்சி நட்ட இடத்தில் கன்றைச் சுற்றிக் கதம்பையை (தேங்காய் உரித்த மட்டை) குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி ஒரு வரிசை வைத்து, மேலே கொஞ்சம் மண்ணும் சருகும் போடுங்கள். தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். பச்சைக் கதம்பை என்றால் முதலில் நாலைந்து நாள் தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சுவரில் இருந்து மூன்றடியாவது தள்ளி வையுங்கள், கரையான் வரும்.

ஆரல்காத்து:
ஐப்பசி பாதி ஆகிவிட்டது, சொன்ன மாதிரி செய்து பார்த்தேன். சனிக்கிழமை மழை விட்டதும் குடையோடு நின்றேன், அம்மா "என்னத்தத் தேடுக" என்று ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்று இடம் கறுப்பாக நின்றது. ஒன்றில் கடப்பாறை முழங்கை அளவு இறங்கியது! நான் முருங்கை வைத்த இடம்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வெளுத்தது. அக்கா கேட்டதும் சரிதான், இட்லிப்பூ நிற்கும் இடத்தில்தான் கலவை குழைத்தார்கள், மேலாகச் சுரண்டினால் இன்னும் வெள்ளைக் கட்டி வருகிறது. அதைப் பிடுங்கித் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன், அவள் வீடு திருவட்டாறு, குலசேகரத்துக்குப் பக்கம்.

செவ்வரளி இரண்டு, காகிதப்பூ ஒன்று, பிரண்டை நாலு கணு வைத்தாயிற்று. ஆடு இல்லை, பிள்ளைகள் எல்லாம் பெரியவர்கள். நித்தியகல்யாணிதான் பிரச்சினை. அம்மா அதைச் சுடுகாட்டு மல்லி என்கிறாள், வீட்டு முற்றத்தில் வைக்கவே கூடாதாம். புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் மருந்தே அந்தச் செடியில் இருந்துதான் எடுக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன், "அப்ப ஆஸ்பத்திரியில கொண்டு வையி" என்றாள்.

தோவாளை அக்கா:
அம்மாவோடு வாதாடாதே. அந்த இடத்துக்குப் பத்துமணிப்பூவே போதும், மூன்று அங்குலத் தண்டைக் கிள்ளிச் செருகினால் வந்துவிடும். சாயங்காலம் நடு, முதல் வாரம் மழை இல்லாத நாளில் ஒரு சிரட்டைத் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். அரளிக் கன்றுக்கு மேற்குப் பக்கம் இரண்டு கல்லைச் சாய்த்து வைத்துவிடு, அடுத்த ஆடி வரை எடுக்காதே.