கலிபோர்னியா நெடுஞ்சாலை கான்கிரீட்டில் 25 விழுக்காடு சாம்பல்: அவசியமா, வீண் கெடுபிடியா?

கலவைத்தொட்டி: கால்ட்ரான்ஸ், அதாவது மாநிலப் போக்குவரத்துத் துறை வேலைகளுக்குக் கான்கிரீட் அனுப்புற ஆலையில இருக்கேன். விதிப்படி சிமெண்ட்ல கால் பங்குக்கு ஃப்ளை ஆஷ், அதாவது நிலக்கரி எரிச்ச சாம்பல் போட்டாகணும். நிலக்கரி மின்நிலையங்களை ஒண்ணொண்ணா மூடிட்டு வர்றாங்க, சாம்பல் வெளி மாநிலத்துல இருந்து வரணும். போன ஜனவரியில சரக்கு வராம மூணு நாள் சும்மா உட்கார்ந்திருந்தோம். வந்த பிறகும் குளிர்ல கலவை இறுகாம, மேல்பரப்பை மட்டம் பண்ற ஃபினிஷிங் ஆளுங்க நடுராத்திரி வரைக்கும் காத்துக் கிடந்தாங்க. கலவையில போடுற ஜல்லிக் கல்லு நல்லா இருந்தா இது எதுக்கு?

சரளை: கல்லு நல்லா இருக்குன்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாதுண்ணே. நான் பாலம் பார்க்கப் போறவன். சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடின தூணைத் தொட்டுப் பார்த்திருக்கேன். கல்லுல இருக்கிற சிலிக்காவும் சிமெண்ட்டோட காரமும் சேர்ந்து ஜெல்லாகி, தண்ணி குடிச்சு உப்பி, உள்ளிருந்தே பிளக்குது. இதை 1940-ல உலகத்துக்குச் சொன்னவரே கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறையோட தாமஸ் ஸ்டான்டன்தான். பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட ஊர் இது.

அப்புறம், விதி ஃப்ளை ஆஷை மட்டும் கேட்கலை. சுண்ணாம்பு 10 விழுக்காட்டுக்குள்ள இருக்கிற சாம்பலுக்கு 12, சிலிக்கா ஃபியூமுக்கு (சிலிக்கான் உலைப் புகையில கிடைக்கிற நுண்தூள்) 25, இரும்பு உலைக் கசடுக்கு 6னு எண் கொடுத்திருக்காங்க. போடுற எடையை அந்த எண்ணால பெருக்கி, விதி கேட்கிற குறைந்தபட்ச சிமெண்ட் அளவால (சாம்பல் மாதிரிப் பொருளும் சேர்த்து) வகுத்தா குறைஞ்சது 3 வரணும். சாம்பல் மட்டும்னா 25 விழுக்காடு. சிலிக்கா ஃபியூம்னா 12 விழுக்காடு போதும். கசடுன்னா பாதிக்குப் பாதி. சோதனையில தீங்கில்லாத கல்லுன்னு தேறிட்டா 3க்குப் பதில் 1.8, அதாவது சாம்பல் 15 விழுக்காடு.

கலவைத்தொட்டி: தேறின கல்லுக்கும் 15 எதுக்கு தம்பி? அதுக்குப் பதில் சொல்லுங்க. சிலிக்கா ஃபியூம் விலை தெரியுமா?

மேட்டூர் மணல்: குறுக்க வர்றேன், மன்னிக்கணும். நம்ம ஊர்ல மூட்டையில வர்ற பிபிசி, அதாவது சாம்பல் கலந்த சிமெண்ட்லயே 15 முதல் 35 விழுக்காடு சாம்பல் இருக்கு. வீடு கட்டுறவங்க அதைத்தானே போடுறாங்க?

சரளை: மேட்டூர் மணல் சொல்ல வந்தது சரி. அண்ணே, குவாரியில இன்னைக்கு வெட்டுற முகம் வேற, அடுத்த வருஷம் வெட்டுறது வேற. அன்னைக்குத் தேறின கல்லு இதுன்னு யார் உறுதி கொடுப்பா? அதோட, சிமெண்ட் இறுகும்போது மிஞ்சுற சுண்ணாம்பைச் சாம்பல் தின்னு துளைகளை அடைக்குது. கடலோரத்துல உப்பு கம்பிக்குப் போய்ச் சேர அத்தனை நாள் தள்ளிப்போகும். பாலத்தை 75 வருஷத்துக்குன்னு வடிவமைக்கிறோம், ஒரு ராத்திரிக்காக இல்லை.

சாம்பல் கிடைக்கலைன்னா எரிமலைச் சாம்பலைப் பாருங்க. அது மாதிரி இயற்கைப் பொசோலானுக்கும் (சுண்ணாம்போட சேர்ந்து இறுகுற தூள்) சுண்ணாம்பு குறைவா இருந்தா அதே 12ங்கிற எண்தான்.

கலவைத்தொட்டி: எரிமலைச் சாம்பல் தண்ணி கூடக் கேட்கும், ஸ்லம்ப், அதாவது கலவையோட இளக்கம் குறைஞ்சுடும். சரி, ஒரு சோதனைக் கலவை போட்டுப் பார்க்கிறேன். ஆனா குளிர்ல ராத்திரி முழுக்க நின்ன அந்த ஆளுங்களைப் பத்தி நீங்க ஒரு வார்த்தையும் பேசலை.